ஒரே ரேட்டா, மூன்று ஜோனா, சீட்டுக்குச் சீட்டு விலையா? 400 இருக்கை அரங்குக்கு ஒரு கணக்கு

டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட், சேர் டிக்கெட் என்று தனித்தனி விலை இருந்தது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. மணலைக் குவித்து உட்கார்ந்தவருக்கு அவர் காசு எதற்கு என்று தெரியும், பின்னால் சாய்ந்து உட்கார்ந்தவருக்கும் தெரியும். விலை வித்தியாசம் உட்காரும் இடத்திலேயே இருந்தது.

இன்றைக்கு ஒரு சபா அரங்கில் எல்லாம் ஒரே நாற்காலி, ஒரே குஷன், ஒரே ஏசி. ஐந்தாவது வரிசைக்காரர் 500 ரூபாய் கொடுக்கிறார், ஆறாவது வரிசைக்காரர் 300 கொடுக்கிறார். இருவருக்கும் நடுவில் இருப்பது ஒரு ஆள் கால் நீட்டும் இடம்தான். அந்த 200 ரூபாய்க்குக் காரணத்தை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

மார்கழி சீசனுக்கு முன்னால் சின்ன சபா நடத்துகிறவர்களும் நாடகக் குழுக்காரர்களும் கேட்பது இதைத்தான்: “முதல் தடவையா ஆன்லைன்ல டிக்கெட் போடறோம். எத்தனை ஜோன்னு சாஃப்ட்வேர் கேக்குது. என்ன போடறது?” ஜோன் என்றால் அரங்கில் ஒரே விலைக்கு விற்கும் சீட்டுகளின் பகுதி. கவுன்ட்டரில் சீட்டு கிழித்தும், பிறகு கணினியில் சீட் மேப் போட்டும் சில சீசன்களை ஓட்டியவன் நான். நான்கு வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன். கணக்குக்கு வசதியாக அரங்கில் 20 வரிசை, வரிசைக்கு 20 சீட், நடுவில் ஒரு நடைபாதை, பால்கனி இல்லை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 400.

## எதை வைத்து அளப்பது

விலை போடும் முன் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன்.

1. கவுன்ட்டரில் “இதுக்கும் அதுக்கும் என்னப்பா வித்தியாசம்?” என்று ஒரு மாமி கேட்டால் ஒரே வரியில் பதில் சொல்ல முடிய வேண்டும்.
2. பாதி டிக்கெட்தான் விற்றது என்றால் மேடையிலிருந்து அரங்கு எப்படித் தெரியும்?
3. அன்று மாலை வாசலிலும் உள்ளேயும் எத்தனை வாலன்டியர்கள் வேண்டும்?
4. விற்பனை தொடங்கிய பிறகு தப்பு தெரிந்தால் திருத்த முடியுமா?
5. வரியும் ஆன்லைன் கட்டணமும் போகக் கையில் எவ்வளவு நிற்கும்?

‘வசூல் கூடுமா’ என்பதை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. எல்லோருக்கும் 300 ரூபாய் என்று 400 சீட்டும் விற்றால் 1,20,000. அதையே முன்னால் 100 சீட் 500 ரூபாய், நடுவில் 160 சீட் 300, பின்னால் 140 சீட் 150 என்று பிரித்து ஹவுஸ்புல் ஆனால் 1,19,000. ஆயிரம் ரூபாய் குறைகிறது! நம் கச்சேரிகள் ஹவுஸ்புல் ஆவது அபூர்வம், ஜோன் உதவுவது மற்ற நாட்களில்தான். 150-க்கு மேல் கொடுக்க முடியாத கல்லூரிப் பையனும் 500-ஐப் பெரிதாக நினைக்காத ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியும் ஒரே மாலை உள்ளே வருவார்கள். ஒரே விலையில் அந்தப் பையன் வந்திருக்க மாட்டான், அதிகாரி 200 ரூபாயை மிச்சம் பிடித்திருப்பார்.

## வழி 1: எல்லோருக்கும் ஒரே விலை

சீட் எண் கிடையாது, முதலில் வந்தவருக்கு முதல் இடம். செட்டப் பத்து நிமிட வேலை, விளக்கம் சொல்லவே வேண்டாம். பல சபாக்களில் மதியக் கச்சேரிக்கு அனுமதி இலவசம். அதுவும் ஒரே விலைதான், விலை பூஜ்யம். 150 சீட்டுக்குக் குறைவான அரங்கு, புதுக் குழுவின் முதல் நாடகம், லெக்-டெம் (விளக்கத்தோடு பாடியோ ஆடியோ காட்டும் நிகழ்ச்சி) எல்லாவற்றுக்கும் இதைத் தாண்டி யோசிக்க வேண்டியதில்லை.

இதன் மறைமுகச் செலவு கைக்குட்டை. டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற பழக்கம் சபாவிலும் உண்டு. ஆறரை மணிக் கச்சேரிக்கு ஐந்தரைக்கு வந்து நாலு சீட்டில் கைக்குட்டை, பை, கண்ணாடிக்கூடு வைத்துவிட்டு கேன்டீனுக்குப் போய்விடுவார்கள். முழங்கால் வலியோடு நேரத்துக்கு வரும் பெரியவர் கடைசி வரிசையில் உட்காருவார்.

அப்புறம், நன்கொடையாளர் தாமதமாக வருவாரே என்று முதல் இரண்டு வரிசைகளில் ‘ரிசர்வ்டு’ என்று பேப்பர் ஒட்டுவீர்கள். ஒட்டிய நிமிடமே இரண்டாவது ஜோன் வந்துவிட்டது, அதற்கு விலை மட்டும் போடவில்லை.

ஒரே விலை வைத்து சீட் எண்ணும் கொடுத்தால் வேறு சிக்கல். ஆன்லைனில் முதல் பத்து வரிசை இரண்டு நாளில் போய்விடும். அதற்கு அப்புறம் மேப்பைத் திறப்பவர் “முன்னாடி இருக்கறவங்களும் இதே காசுதானே குடுத்தாங்க” என்று மூடிவிட்டுப் போவார்.

## வழி 2: வரிசைப்படி மூன்று ஜோன்

பெரும்பாலோருக்கு இதுதான் சரிவரும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் ஜோன்களைப் பிரிக்கும் கோட்டை எங்கே போடுவது என்பதில் நிறைய பேர் சறுக்குகிறார்கள்.

கோட்டைக் கண்ணுக்குத் தெரியும் ஏதாவது ஒன்றில் போடுங்கள். தூண், தரையில் ஏறும் படி, பக்கவாட்டுக் கதவு எதுவானாலும் சரி. “கதவுக்கு முன்னாடி 500, பின்னாடி 300” என்றால் மாமிக்குப் பதில் கிடைத்துவிட்டது. “ஐந்தாவது வரிசை வரை” என்றால் ஆறாவது ஏன் இல்லை என்ற கேள்வி வரும், பதில் இருக்காது.

முன் ஜோனை நீங்கள் ஆசைப்படுவதைவிடச் சின்னதாக வையுங்கள். 100 சீட் ஆசை என்றால் 80 போடுங்கள். முன்னால் நாற்பது சீட் காலியாகவும் பின்னால் ஜனம் நெருக்கியும் இருந்தால் பாடுகிறவருக்குத் தெரிவது அந்த நாற்பது காலி நாற்காலிதான். சாஹித்யத்தில் உருகிக் கண்ணைத் திறந்தால் எதிரே வெறும் குஷன்!

இந்த வழியில் பெரிய மறைமுகச் செலவு, கச்சேரி ஆரம்பித்த பிறகு முன்னால் நகர்வது. ஆரம்பப் பாட்டான வர்ணம் முடிவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து குனிந்தபடி முன்னால் போய் உட்காருவார். யாரும் தடுக்கவில்லை என்றால் அடுத்த பாட்டில் பத்துப் பேர். வாலன்டியரும் “காலியாத்தானே கிடக்கு” என்று விட்டுவிடுவார். அன்றைக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. 500 கொடுத்தவர் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவரின் கையிலிருக்கும் டிக்கெட்டை ஓரக்கண்ணால் பார்ப்பார். அடுத்த கச்சேரிக்கு அவரும் 150 டிக்கெட்தான் வாங்குவார்.

இதற்கு விதியை முன்கூட்டியே எழுதி வாலன்டியர் கையில் கொடுத்துவிடுவது நல்லது. நான் வைத்துக்கொண்ட விதி: ஒரு ஜோனுக்குள் எங்கே வேண்டுமானாலும் நகரலாம், ஜோன் தாண்டக் கூடாது. முன்னால் ரொம்பக் காலியாக இருந்தால், திரை தூக்குவதற்கு முன்பே நடு ஜோனிலிருந்து பத்திருபது பேரை நாமே அழைத்து முன்னால் உட்காரவைக்கலாம். அவர்களாக நகர்ந்தால் அது அத்துமீறல், நாமாக அழைத்தால் மரியாதை.

ஆன்லைன் கட்டணமும் இங்கே உறுத்தும். டிக்கெட்டுக்கு இவ்வளவு என்று நிலையான தொகை வாங்கும் தளங்கள் உண்டு. 25 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 500 ரூபாய் டிக்கெட்டில் அது இருபதில் ஒரு பங்கு, 150 ரூபாய் டிக்கெட்டில் ஆறில் ஒரு பங்கு. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. குறைந்த ஜோனை மட்டுமாவது கவுன்ட்டரிலும் விற்க ஏற்பாடு செய்யுங்கள்.

## வழி 3: சீட்டைப் பார்த்து விலை

மேடை எவ்வளவு நன்றாகத் தெரிகிறது, கேட்கிறது என்று பார்த்து ஒவ்வொரு சீட்டாக வண்ணம் பூசுவது இது. நடுப்பகுதி ஒரு விலை, ஓரங்கள் இன்னொன்று, தூண் மறைக்கும் சீட் வேறொன்று என்று ஐந்தாறு ஜோன் வரும். நியாயம் என்று பார்த்தால் இதற்கு மிஞ்சியது இல்லை. வேலையும் அதே அளவுக்கு அதிகம்.

நல்ல சீட் எது என்பது அரங்கைப் பொறுத்தது என்று நினைத்துத்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறோம். உண்மையில் அது மேடையில் நடப்பதைப் பொறுத்தது. பரதநாட்டியத்துக்கு மேடை உயரமாக இருந்தால், முதல் வரிசையில் சலங்கை காதில் விழும், பாதம் கண்ணில் படாது. ஐந்தாவது வரிசையிலிருந்துதான் முழங்காலை மடித்து நிற்கும் அரைமண்டி முழுசாகத் தெரியும். நாடகத்தில் முதல் இரண்டு வரிசைக்காரர்களுக்குக் கழுத்து வலி. இடது ஓரத்துச் சீட்டிலிருந்து மேடையின் இடது மூலை மறையும், அங்கேதான் இயக்குநர் அழுகைக் காட்சியை வைத்திருப்பார். கச்சேரியில் முன்வரிசை நல்லதுதான், ஆனால் ஸ்பீக்கருக்கு நேர் எதிரே உள்ள நாலு சீட் தண்டனை.

கச்சேரி ரசிகர்களில் பக்கம் பார்த்து உட்காருகிறவர்களும் உண்டு. பாடுகிறவரின் வலப்பக்கம், அதாவது நமக்கு இடப்பக்கம் மிருதங்கம், மறுபக்கம் வயலின் என்பது வழக்கமான அமைப்பு. மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலை சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதால் வந்த ஏற்பாடு. மிருதங்கக்காரர் இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்றால் எல்லாம் இடம் மாறும். பழனி சுப்பிரமணிய பிள்ளை அப்படி வாசித்தவர். அவர் காலத்தில் ஆன்லைன் சீட் மேப் இருந்திருந்தால் ‘மிருதங்கப் பக்கம்’ என்று ஒரு ஜோன் போட்டவர் பாடு திண்டாட்டம்தான்.

நடைபாதை ஓரச் சீட்டை மறந்துவிடாதீர்கள். தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கேன்டீனுக்குக் கிளம்புகிறவர்கள், முழங்கால் வலிக்காரர்கள், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் எல்லோருக்கும் அது மூன்றாவது வரிசையைவிட உசத்தி. எல்லா ஜோனிலும் முதலில் போவது அதுதான். என்றாலும் அதற்குத் தனி விலை வைக்காதீர்கள். முழங்கால் வலிக்குக் கூடுதல் காசு வாங்கியதாக ஆகிவிடும்.

மறைமுகச் செலவுகள் இதில் அதிகம். கச்சேரி, நடனம், நாடகம் என்று மூன்று மேப் போட்டுப் பராமரிக்க வேண்டும். போன் திரையில் ஐந்து வண்ணப் புள்ளிகளைப் பெரியவர்களால் பிரித்தறிய முடியாது. நாலு பேர் குடும்பம் சேர்ந்து உட்கார்ந்தால் இரண்டு சீட் 400, இரண்டு சீட் 300 என்று வரும், பில் பார்த்ததும் போன் நமக்கு வரும். ஜோன் எல்லைகளில் ஒற்றைச் சீட் அனாதையாக மிஞ்சும். ஒற்றைச் சீட் விடாமல் விற்கும் வசதி சில மென்பொருள்களில் உண்டு, அதை இயக்கிவிடுங்கள்.

தூணும் பால்கனியும் வளைந்த வரிசைகளும் உள்ள பெரிய அரங்குக்கு, வருடம் முழுக்க நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கு இந்த வழி. நம் 400 சீட் பெட்டி அரங்குக்கு இது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை.

## வழி 4: தேவைக்கேற்ப ஏறி இறங்கும் விலை

விமான டிக்கெட் மாதிரி. நியூயார்க்கின் நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் 2001-இல் ஒரு வெற்றி நாடகத்துக்கு நல்ல சீட்டுகளை 480 டாலருக்கு விற்றார்கள். வெளியே கள்ள மார்க்கெட்காரர் சம்பாதிப்பதை நாமே சம்பாதிக்கலாமே என்பது அவர்கள் வாதம். அங்கே பார்வையாளர்களில் பெரும்பகுதி சுற்றுலாப் பயணிகள், ஒருவரை ஒருவர் தெரியாது. நம் ஊரில் அடுத்தடுத்த சீட்டுக்காரர்கள் இடைவேளையில் ஒரே மேசையில் காபி குடிக்கிறவர்கள். “நீங்க எவ்ளோக்கு வாங்கினேள்?” என்ற ஒரு கேள்வி போதும். தேதி சொல்லி, ‘நவம்பர் 30 வரை வாங்கினால் 50 ரூபாய் குறைவு’ என்று வைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

## ஒரே பார்வையில்

| | ஒரே விலை | மூன்று ஜோன் | சீட்டுவாரி | ஏறி இறங்கும் விலை |
|---|---|---|---|---|
| காரணம் சொல்வது | தேவையே இல்லை | கோடு தெளிவாக இருந்தால் ஒரு வரி | மேப்பைக் காட்டி விளக்க வேண்டும் | சொல்ல முடியாது |
| பாதி அரங்கில் | முன்னால் நிறைந்து பின்னால் காலி | முன்னாலோ நடுவிலோ பட்டையாகக் காலி | திட்டுத் திட்டாகக் காலி | விலை இறங்கினால் நிரம்பும் |
| உள்ளே வாலன்டியர் | ஒருவர் | இருவர், மூவர் | வரிசை தெரிந்த நாலு பேர் | மூன்று ஜோன் போலத்தான் |
| பிறகு திருத்துவது | எளிது | விற்காத வரிசைகளில் முடியும் | கடினம் | எப்போதும் மாறிக்கொண்டே இருக்கும் |
| மறைமுகச் செலவு | கைக்குட்டை, பேப்பர் ஒட்டிய வரிசை | முன்னால் நகர்வது | மூன்று மேப், அனாதைச் சீட் | பெயர் கெடுவது |

## கணினியில் போடும்போது

எந்த வழியானாலும் ஜோன் என்பது இடம், சலுகை என்பது ஆள். இரண்டையும் கலக்கக் கூடாது. வெளிநாட்டு அரங்குகள் பயன்படுத்தும் டெசிட்டுரா, ஸ்பெக்ட்ரிக்ஸ் போன்ற மென்பொருள்கள் இவ்விரண்டையும் தனித்தனி அடுக்காகவே வைத்திருக்கின்றன. மூன்று ஜோன், அதன்மேல் பொது, உறுப்பினர், மாணவர், மூத்தோர் என்று நாலு வகை என்றால் பன்னிரண்டு விலைகள் கொண்ட ஒரு சின்னப் பட்டியல், அவ்வளவுதான். ‘மாணவர் ஜோன்’ என்று இரண்டு வரிசையை ஒதுக்கினால் மாணவர்கள் வராத அன்று அந்த இரண்டு வரிசையை யாருக்கும் விற்க முடியாது.

மூன்றாவது அடுக்கு, விற்காமல் பிடித்துவைக்கும் சீட்டுகள்: நன்கொடையாளர், கலைஞரின் குடும்பம், பத்திரிகைக்காரர்கள். இதற்கும் ஜோன் போடாதீர்கள். ஜோனுக்குள்ளேயே ‘பிடித்தம்’ என்று குறித்தால், நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்னால் ஒரே சொடுக்கில் அதே விலைக்கு விடுவித்துவிடலாம். சக்கர நாற்காலிக்கான இடம் எந்த ஜோனில் விழுந்தாலும் குறைந்த விலையே வாங்குங்கள். படி இல்லாத இடம் அது ஒன்றுதான், அவர்கள் தேர்ந்தெடுத்தது அல்ல.

ஜோனுக்கு ‘500 ஜோன்’ என்று பெயர் வைக்காதீர்கள். அடுத்த சீசனில் விலை 400 ஆனால் ரிப்போர்ட்டில் குழப்பம். முன், நடு, பின் போதும்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். வாடகைக்கு எடுத்த ஓர் அரங்குக்கு 20 வரிசை என்று தெரியும். வீட்டில் உட்கார்ந்து, ஆங்கில எழுத்து வரிசைப்படி ‘ஏ’ முதல் ‘டி’ வரை இருபது எழுத்துகளைப் போட்டுவிட்டேன். இது ‘எஸ்’ஸுக்கு அடுத்து வரும் ‘டி’. அரங்கில் போய்ப் பார்த்தால் ‘ஐ’ வரிசையும் இல்லை, ‘ஓ’ வரிசையும் இல்லை. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்று பல அரங்குகளில் அந்த இரண்டு எழுத்தையும் விட்டுவிடுவார்கள். அதற்குப் பதில் கடைசியில் ‘யூ’, ‘வி’ என்று இரண்டு வரிசை. நடு ஜோனில் ‘ஐ’ வரிசைக்கு 300 கொடுத்த பதினேழு பேர் டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ‘எச்’சுக்கும் ‘ஜே’வுக்கும் நடுவில் தரையைப் பார்த்து நின்றார்கள். காலி இருந்தது கடைசி இரண்டு வரிசைதான். அவர்களை அங்கே உட்காரவைத்து ஆளுக்கு 150 வீதம் 2,550 ரூபாய் திருப்பிக் கொடுத்தோம். எழுத்துகள் நகர்ந்ததால் ‘என்’ வரிசைக்கு 150 கொடுத்தவர்கள் நடு ஜோனில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரும் புகார் சொல்லவில்லை.

## 500 ரூபாயில் ஒரு பள்ளம்

ஜிஎஸ்டி விதி தெரியாமல் முன்வரிசைக்கு 550 போடுகிறவர்கள் உண்டு. இசை, நடனம், நாடகத்துக்கான நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 500 ரூபாய் வரை ஜிஎஸ்டி கிடையாது. அதைத் தாண்டினால், பதிவு செய்த அமைப்பு முழுத் தொகைக்கும் 18 சதவீதம் கட்ட வேண்டும். 500-க்கு மேலே உள்ள துண்டுக்கு மட்டும் அல்ல.

வரி உட்பட 550 என்று விற்றால் கையில் நிற்பது 466 ரூபாய் சொச்சம். 590-க்கு விற்றால் சரியாக 500. அதாவது 501-இலிருந்து 590 வரை எந்த விலை போட்டாலும் 500-க்கு விற்றதைவிட ஒரு பைசா கூடுதலாக வராது. 600 போட்டால் எட்டு ரூபாய் சொச்சம் லாபம், கூடவே ரிட்டர்ன் தாக்கல் செய்கிற வேலை. முன் ஜோனை 500-இல் நிறுத்துங்கள். பெரிய வித்வான், கூட்டம் நிச்சயம் என்றால் 750-க்குத் தாவுங்கள், அப்போது 635 நிற்கும். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குக் கீழே உள்ள, பதிவில்லாத சின்ன அமைப்புக்கு நிலைமை வேறு. உள்ளாட்சிக் கேளிக்கை வரியையும் சேர்த்து ஆடிட்டரிடம் ஒரு தடவை கேட்டுவிட்டு விலையை அச்சிடுங்கள்.

## யாருக்கு எது

புது நாடகக் குழு, ஒரே ஒரு காட்சி என்றால் ஒரே விலை, சீட் எண் வேண்டாம், முதல் வரிசையில் மட்டும் ஆறு சீட் பிடித்தம். பால்கனி உள்ள பெரிய அரங்கில் வருடம் முழுக்க நடத்துகிறவர்கள் சீட்டுவாரிக்குப் போகலாம், ஒரு சீசனுக்கு ஒரு மேப் என்று மெதுவாக.

சீசனில் பத்துப் பதினைந்து நாள் நடத்தும் 400 சீட் சபாவுக்கு மூன்று ஜோன். முன்னால் நாலு வரிசை 500, நடுவில் ஒன்பது வரிசை 300, பின்னால் ஏழு வரிசை 150. நடன நிகழ்ச்சி அன்று மட்டும் முதல் இரண்டு வரிசையை 300-க்கு இறக்கி, மூன்றாவதிலிருந்து ஆறாவது வரை 500. முதல் வரிசை ஏன் மலிவு என்று யாராவது கேட்டால், பாதம் தெரியாது என்று சொல்லிவிடலாம். சீசன் டிக்கெட்காரர்கள் அந்த வரிசைகளில் இருந்தால் மட்டும் இந்த மாற்றம் வேண்டாம். தினம் ஒரு விலை காட்டும் சீட்டில் பதினைந்து நாள் உட்காருகிறவர் செயலாளரைச் சும்மா விடமாட்டார்.

மேப் போடும் முன் ஒரு நாள் காலையில் அரங்குக்குப் போங்கள். மேடையில் ஒரு ஆளை உட்காரச் சொல்லிவிட்டு நாலு மூலை, தூண் பக்கம், ஸ்பீக்கர் முன்னால் என்று ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பாருங்கள். வரும்போது வரிசை எழுத்துகளைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வாருங்கள்.